உழவர் கையில் காமிரா



செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம் பெற்றது. மராட்டியர் ஆட்சியோடு தொடர்புடைய 12 கோட்டைகள் ஒரே தொகுதியாக அப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. ராஜகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஏறுவோர் செல்போனில் படம் பிடித்து உடனுக்குடன் அனுப்புகின்றனர். செஞ்சிக்கு ஒரு முறையும் வராதவர்கள்கூட இக்கோட்டையின் மதில்களையும், நெற்களஞ்சியத்தையும், கல்யாண மகாலையும் பார்த்துவிட்டனர். ஆனால் இம்மலைகளின் அடியில், செம்மண் நிலத்தில், மல்லாட்டை என்று நாம் சொல்லும் நிலக்கடலையைப் பயிரிடும் ஓர் உழவர் எந்த நாளில் ஜிப்சம் இட்டார், எவ்வளவு இட்டார், காய் எப்படித் திரண்டது என்பதைக் காட்டும் படம் அத்தனை எளிதில் கண்ணில் படுவதில்லை.

கோட்டையைப் படம் பிடிக்கும் அதே செல்போன் உழவர் கையிலும் இருக்கிறது. படம் எடுக்க ஆகும் செலவும், அதை நாலு பேருக்குக் காட்ட ஆகும் செலவும் இன்று மிகக் குறைந்துவிட்டன. இம்மாற்றம் எவ்வாறு வந்தது, அதனால் உழவருக்கு விளையும் நன்மை எது, கேடு எது, இதை நாம் பயன்படுத்திக்கொள்வது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

படச்சுருள் காலம்

தேசிங்கு ராஜன் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். அவன் கதையை நம் பகுதி மக்கள் வெகுகாலம் பாட்டாகவும் தெருக்கூத்தாகவும் கேட்டும் பார்த்தும் வந்தனர். கூத்து நடத்த ஓர் ஆட்டக் குழுவும், ஒரு களமும், விடிய விடிய எரியும் விளக்கும் போதும். 1960இல் அதே கதை எம்.ஜி.ஆர். நடிக்க, 'ராஜா தேசிங்கு' என்னும் திரைப்படமாக வந்தது. கூத்துக்கும் சினிமாவுக்கும் இடையே செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தது.

அக்காலத்தில் சினிமா, படச்சுருளில் எடுக்கப்பட்டது. ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். 35 மி.மீ. சுருளில் ஓர் அடி நீளத்திற்கு 16 படங்கள் அடங்கும். எனவே ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி சுருள் தேவை. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. இது திரையில் ஓடும் நீளம் மட்டுமே. எடுத்துக் கழித்த சுருள் இதற்குப் பல மடங்கு. சரியாக வராத காட்சியின் சுருளை மீண்டும் பயன்படுத்த இயலாது. எடுத்ததை உடனே பார்க்கவும் முடியாது. கழுவும் கூடத்திற்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

எடுத்து முடித்த பின், எத்தனை கொட்டகைகளில் ஒரே நாளில் ஓட வேண்டுமோ அத்தனை பிரதிகள் போட வேண்டும். ஒவ்வொரு பிரதியும் தகரப் பெட்டிகளில் ரயிலிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் பயணம் செய்யும். பெரிய நகரங்களில் ஓடி ஓய்ந்து, கீறல் விழுந்த பிரதிகள்தாம் சிற்றூர்களின் டெண்டுக் கொட்டகைகளுக்கு வரும். ஆகவே பெரும் முதல் உள்ளவர் மட்டுமே படம் எடுத்தனர். அவர் எடுத்ததை நாம் பார்த்தோம். ஒரு வேளாண்மைப் படம் எடுப்பதென்றாலும் அரசோ பெரிய நிறுவனமோ முன்வந்தால்தான் உண்டு.

டிஜிட்டல் முறை வந்தது

டிஜிட்டல் முறையில் ஒளி, படச்சுருளில் பதிவதில்லை. காமிராவில் உள்ள உணர்வுச் சில்லு அதை எண்களாக மாற்றிச் சேமிக்கிறது. எண்களை அழித்து மீண்டும் எழுதலாம். எத்தனை முறை நகல் எடுத்தாலும் தரம் குறையாது. கம்பி வழியாகவும் காற்றலை வழியாகவும் அனுப்பலாம். மாற்றம் முழுவதற்கும் அடிப்படை இம்மூன்று குணங்களே.

தமிழ்த் திரையுலகம் இதில் முன்னோடியாக இருந்தது. பி.சி. ஸ்ரீராம் இயக்கி 2004இல் வெளிவந்த 'வானம் வசப்படும்' டிஜிட்டல் காமிராவில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கமலஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' அவ்வாறே வந்தது. திரையிடும் முறையும் அக்காலத்தை ஒட்டியே மாறத் தொடங்கியது. சென்னையில் உள்ள ரியல் இமேஜ் நிறுவனம் உருவாக்கிய 'கியூப்' போன்ற அமைப்புகளால், படச்சுருள் பெட்டிக்குப் பதிலாகக் கணினிக் கோப்பாகப் படம் கொட்டகைக்கு வந்தது. சென்னையில் ஓடும் அதே நாளில், அதே தெளிவோடு, சிறிய ஊர்க் கொட்டகையிலும் படம் ஓடுவது இதனால் எளிதாயிற்று.

மகாராஷ்டிரத்தில் மாலேகான் என்னும் விசைத்தறி நகரம் உள்ளது. அங்கு வீடியோ கொட்டகை நடத்திய நாசிர் ஷேக் என்பவர் புகழ்பெற்ற 'ஷோலே' படத்தைக் கேலி செய்து, 'மாலேகான் கே ஷோலே' என்னும் படத்தை 2000ஆம் ஆண்டு வாக்கில் எடுத்தார். வீடியோ காமிராவே கருவி. உள்ளூர் மக்களே நடிகர்கள். இக்குழுவினர் பின்னர் எடுத்த படத்தில் காமிராவை நகர்த்தச் சைக்கிளும், உயரே தூக்க மாட்டு வண்டியும் பயன்பட்டன. இதைப் பற்றி 'சூப்பர்மென் ஆஃப் மாலேகான்' என்ற ஆவணப்படம் 2008இல் வந்தது. படம் எடுக்கப் பெரும் முதல் வேண்டும் என்ற நிலை மாறியதற்கு மாலேகான் நல்ல சான்று.

நம் மாநிலத்தில் இதைவிட அண்மைய சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் தங்கள் தாத்தாவோடு சேர்ந்து 2018இல் யூடியூபில் சமையல் படங்கள் வெளியிடத் தொடங்கினர். வயல்வெளியிலே அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் சமைத்து, முதியோர்க்கும் பிறர்க்கும் பரிமாறுவதே படம். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்ற அவர்களது பக்கத்தில் 2021இல் ஒரு கோடிப் பேர் சேர்ந்திருந்தனர். கொட்டகையும் வேண்டியதில்லை, விநியோகஸ்தரும் வேண்டியதில்லை என்பதை இது காட்டுகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் இணைய இணைப்பின் விலை வெகுவாகச் சரிந்ததே இதற்கு வழி திறந்தது. எனினும் எல்லோருக்கும் இப்படி வாய்க்கும் என்று எண்ணிப் பயிரை விட்டுவிடலாகாது. யூடியூப் விளம்பரப் பங்கு தருவதற்கே 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது வழக்கமான விதி. அதை எட்டியவருள்ளும் அதனால் மட்டுமே பிழைப்பவர் சிலரே. நமக்கு இதிலுள்ள பயன் வேறு.

வேளாண்மைச் செய்தி வந்த வழி

புதிய கருவி ஒவ்வொன்றும் உழவர்க்குச் செய்தி கொண்டு வந்தது. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் குறுவை நெல் வானொலி வழியே பரவியது. அதனால் மக்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். தில்லித் தொலைக்காட்சி 1967 ஜனவரி 26 அன்று 'கிருஷி தர்ஷன்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி, வேளாண்மை நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. சென்னைத் தொலைக்காட்சியும் அதே 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கிற்று. அதன் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியை மூத்த உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவை அனைத்தும் நன்மை செய்தன. ஆயினும் இவற்றில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, செய்தி ஒரு பக்கமாகவே வரும். ஐயம் எழுந்தால் பெட்டியைக் கேட்க முடியாது. இரண்டாவது, ஒரே படம் எல்லா மாவட்டத்திற்கும் பொது. காவிரிப் பாசனத்தில் எடுத்த படத்தைக் கிணற்றுப் பாசனத்தாரும் மானாவாரியாரும் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வட்டாரத்திற்கும் தனித்தனியே படம் எடுக்க அன்றைய செலவு இடம் தரவில்லை.

கர்நாடகத்தில் நடந்த ஆய்வு

படம் எடுக்கும் செலவு குறைந்ததும் இந்த இரு குறைகளையும் போக்க முடியுமா என்று பார்க்க ஒரு முயற்சி நடந்தது. 2006இல் பெங்களூரில் உள்ள மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ரிக்கின் காந்தி என்பவரும் உடன் பணியாற்றியோரும் 'டிஜிட்டல் கிரீன்' என்ற திட்டத்தைத் தொடங்கினர். கர்நாடகக் கிராமங்களில் பணி செய்துவந்த கிரீன் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் உடன் நின்றது.

திட்டம் எளியது. சிறிய வீடியோ காமிராவைக் கொண்டு, அந்தந்த ஊர் உழவர் தம் வயலில் ஒரு வேலையைச் செய்வதைப் படம் எடுத்தனர். பேச்சு அவர்களது வட்டார வழக்கிலேயே இருந்தது. தொழில்நுட்பம் சரிதானா என்பதை வல்லுநர் பார்த்த பின், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் டி.வி.டி. கருவியும் கொண்டு, மாலை வேளைகளில் ஊர்ப் பொது இடத்தில் சிறு கூட்டமாகத் திரையிட்டனர். உள்ளூர் ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பார். அவர் படத்தை இடையிடையே நிறுத்தி, கேள்வி கேட்டு, விளக்கி, யார் யார் செய்து பார்க்கப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்வார். பிறகு வயலுக்குப் போய்ப் பார்ப்பார்.

16 கிராமங்களில் 13 மாதங்கள் இது ஆய்வாக நடந்தது. அவற்றுள் பாதிக் கிராமங்களில் படம் இல்லை. வழக்கமான விரிவாக்கப் பணி மட்டுமே. படம் காட்டிய ஊர்களில், சில சாகுபடி முறைகளைக் கைக்கொண்ட உழவர் எண்ணிக்கை மற்ற ஊர்களைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்காக இருந்தது. செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைத்த பயன் சுமார் பத்து மடங்கு.

இவ்வெற்றிக்குக் காமிரா மட்டும் காரணம் அன்று. படத்தைப் பார்த்த உழவர்கள் முதலில் கேட்டது பயிரைப் பற்றி அல்ல என்று ரிக்கின் காந்தி பலமுறை கூறியுள்ளார். 'படத்தில் இருப்பவர் பெயர் என்ன? அவர் எந்த ஊர்?' என்பதே அவர்களது முதல் கேள்வி. தம்மைப் போன்ற ஒருவர், தம் நிலத்தைப் போன்ற நிலத்தில் செய்திருக்கிறார் என்று தெரிந்த பிறகே நம்பிக்கை பிறந்தது. படம், கேட்கும் ஆள், விளக்கும் ஆள் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் பலன் கிட்டியது. இதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

சல்லடை போயிற்று

இனிக் கேட்டினையும் பார்ப்போம். விதைக் கடலையைச் சலித்துக் கல், மண், சொத்தை நீக்குகிறோம். பழைய முறையில் செய்திக்கும் அத்தகைய சல்லடை இருந்தது. படம் எடுக்கப் பணம் அதிகம் ஆனதால் எதை எடுப்பது என்று பலர் கூடி முடிவு செய்தனர். ஒலிபரப்பும் முன் ஒருவர் சரி பார்த்தார். இன்று செலவே இல்லாததால் அந்தச் சல்லடையும் இல்லாமல் போயிற்று. நல்லதும் பொய்யும் ஒரே வேகத்தில் வந்து சேர்கின்றன.

2017இல் சோற்றை உருண்டையாக்கித் தரையில் எறிந்து, அது எகிறுவதைக் காட்டி, 'பிளாஸ்டிக் அரிசி' என்று சொல்லும் படங்கள் பரவின. சோற்று உருண்டை எகிறுவது அதிலுள்ள மாவுச்சத்தின் இயல்பு. பிறகு, 2021 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட செறிவூட்டிய அரிசித் திட்டத்தின்போதும் அதே ஐயம் கிளம்பிற்று. அது, அரிசி மாவோடு இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவில் வார்த்து, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலப்பதாகும். விவரம் அறியாதவர் அந்த மணிகளைப் பொறுக்கி எறிந்தனர்.

இதைவிடக் கொடியது 2018இல் நேர்ந்தது. பிள்ளை பிடிப்பவர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் படங்களும் பேச்சும் நாடெங்கும் பரவின. அவற்றில் ஒன்று, கராச்சி நகரில் பெற்றோரை எச்சரிக்க எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மோட்டார் சைக்கிளில் வந்தவர் குழந்தையைத் தூக்கிச் சென்று, பின்னர் திரும்பக் கொண்டுவந்து விடுவார்; எச்சரிக்கை வாசகம் வரும். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு எவரோ அனுப்பினர். உண்மை முழுதும் தலைகீழாயிற்று. அந்த ஆண்டு மே மாதம் நமக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிட உறவினரோடு காரில் வந்த முதிய பெண்மணி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஐயுற்ற கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அடித்தவர்களும் நம்மைப் போன்ற கிராமத்தாரே. தம் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணியே அவர்கள் அதைச் செய்தனர். அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு கட்டியது. இப்பொழுதோ, சொல்லாததைச் சொன்னதாகவும் இல்லாததை இருப்பதாகவும் காட்டும் செயற்கை நுண்ணறிவுப் படங்களும் வந்துவிட்டன.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இனிச் சல்லடை நம் கையில்தான் இருக்க வேண்டும்.

படத்தைச் சோதிக்க ஐந்து கேள்விகள்

வேளாண்மை பற்றிய படம் ஒன்று உங்கள் செல்போனுக்கு வந்தால், பிறருக்கு அனுப்பும் முன்பும் வயலில் செய்யும் முன்பும் பின்வரும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. பேசுபவர் யார், எந்த ஊர்? பெயரும் ஊரும் சொல்லாத படத்தை நம்பி முதலீடு செய்யாதீர்கள்.

2. மண்ணும் நீரும் எவை? கரிசல் மண்ணில் செய்தது செம்மண்ணுக்குப் பொருந்தாமல் போகலாம். இறவைக்குச் சொன்னது மானாவாரிக்கு ஒவ்வாமல் போகலாம்.

3. எந்தப் பட்டம், எந்த இரகம்? ஆடிப் பட்டத்தில் சரியாக இருப்பது மார்கழியில் தவறாகலாம்.

4. அளவு எதற்கு? ஏக்கருக்கா, எக்டருக்கா? ஒரு எக்டர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். எக்டருக்கு உரிய உரத்தையோ மருந்தையோ ஏக்கருக்கு இட்டால் இரண்டரை மடங்கு ஆகிவிடும். உரமாக இருந்தால் பணம் வீண். களைக்கொல்லியாக இருந்தால் பயிரே வீண்.

5. சொல்பவருக்கு இலாபம் உண்டா? படத்தின் கடைசியில் ஒரு பொருளை வாங்கச் சொன்னால் அது விளம்பரம். விளம்பரம் பொய் என்பதில்லை. ஆனால் அதைப் பாடம் என்று கொள்ளலாகாது.

ஐந்துக்கும் விடை கிடைத்த பின்னும் ஐயம் இருந்தால், உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரையோ, வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள். 1800-180-1551 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் உழவர் அழைப்பு மையத்தைத் தமிழிலேயே கேட்கலாம். அதற்குப் பின்னும் முதல் ஆண்டில் ஐந்து சென்டு நிலத்தில் மட்டும் செய்து பாருங்கள். பக்கத்தில் ஐந்து சென்டை வழக்கப்படி விட்டு, இரண்டையும் அறுவடையில் எடை போட்டு ஒப்பிடுங்கள்.

நாமே ஒரு படம் எடுப்போம்

எடுத்துக்காட்டாக, நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவதை ஐந்து நிமிடப் படமாக எடுப்பதாகக் கொள்வோம்.

முதலில் பாடம் தெளிவாக இருக்க வேண்டும். கடலைச் செடியின் பூ கருவுற்றதும் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது. காய்க்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து இலை வழியாக வந்து சேர்வதில்லை. மண்ணிலிருந்து காயே நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது. அச்சத்து மேல்மண்ணில் குறைந்தால் காய் பொக்காகிவிடும். ஜிப்சத்தில் சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் உள்ளன. எக்டருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, இறவைப் பயிருக்கு 40 முதல் 45ஆம் நாளுக்குள் செடியின் பக்கத்தில் இட்டு, கொத்தி, மண் அணைக்க வேண்டும். மானாவாரிப் பயிருக்கு மண்ணில் ஈரம் இருப்பதைப் பார்த்து 40 முதல் 75ஆம் நாளுக்குள் இடலாம். விழுது இறங்கிய பின் மண்ணைக் கிளறக் கூடாது.

இப்பாடத்தைப் படமாக்கும் முறை வருமாறு:

1. காலை 7 முதல் 9 மணிக்குள் எடுங்கள். உச்சி வெயிலில் முகம் கருத்துத் தெரியும். சூரியன் படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

2. செல்போனின் காமிராக் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். செல்போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். கை நடுங்காமல் இருக்க ஒரு கவைக்கம்பை நட்டு அதில் சாய்த்துக் கட்டுங்கள்.

3. காற்றின் இரைச்சல் பேச்சைக் கெடுக்கும். பேசுபவர் செல்போனுக்கு ஒரு கை தூரத்தில் நின்று பேசட்டும். மோட்டார் ஓடும்போது எடுக்க வேண்டாம்.

4. தொடக்கத்தில் பெயர், ஊர், மண், பட்டம், இரகம், பயிரின் வயது ஆகியவற்றைச் சொல்லுங்கள். பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்விக்கு இதுவே விடை.

5. பத்துக் காட்சிகள் போதும். ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி அசையாமல் இருக்கட்டும். வயல் முழுவதும் ஒன்று, செடி ஒன்று, விழுது இறங்குவதை மிக அருகில் ஒன்று, ஜிப்சத்தை எடை போடுவது ஒன்று, இடுவது ஒன்று, மண் அணைப்பது ஒன்று என்று வரிசையாக எடுங்கள். முகத்தைவிடக் கை செய்யும் வேலையே முக்கியம்.

6. அளவைச் சொன்னால் போதாது, காட்டுங்கள். 50 கிலோ மூட்டையில் ஏக்கருக்கு மூன்று மூட்டையும் 10 கிலோவும் என்று கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார்.

7. ஜிப்சம் இடாத ஒரு பாத்தியை விட்டு வையுங்கள். அறுவடையின்போது இரண்டிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி, காயை உடைத்துப் பருப்பைக் காட்டுங்கள். இக்காட்சி இல்லாமல் படம் முடிவு பெறாது. ஆகையால் படம் எடுக்க இரண்டு மாதத்திற்கு மேல் ஆகும், அவசரம் வேண்டாம். வேறுபாடு தெரியாவிட்டால் அதையும் அப்படியே காட்டுங்கள்.

8. கூலி ஆட்களையும் பெண்களையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் படம் எடுக்காதீர்கள். மருந்து தெளிக்கும் படமானால் முகக்கவசமும் கையுறையும் அணிந்தே எடுங்கள். பார்ப்பவர் நீங்கள் சொல்வதை மட்டும் அல்ல, செய்வதையும் பின்பற்றுவார்.

காட்சிகளை வெட்டி ஒட்டச் செல்போனிலேயே செயலிகள் உண்டு. வீட்டிலுள்ள பிள்ளைகள் அரை நாளில் செய்து தருவார்கள். பாட்டும் இசையும் வேண்டாம். முடித்த படத்தை உதவி வேளாண்மை அலுவலரிடமோ எம்மைப் போன்ற பல்கலைக்கழக ஆசிரியரிடமோ ஒரு முறை காட்டி, அளவும் நாளும் சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு படியைத் தாண்டினால் கர்நாடக ஆய்வில் கிடைத்த பலனில் பெரும்பகுதி போய்விடும்.

பார்க்கும் முறை

படத்தைக் குழுவில் அனுப்புவதோடு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். தனியே பார்ப்பவர் ஒரு நிமிடத்தில் அடுத்த படத்திற்குத் தாவிவிடுவார். உழவர் மன்றத்திலோ, மகளிர் சுய உதவிக் குழுவிலோ, 15 முதல் 20 பேராகக் கூடிப் பாருங்கள். செல்போனைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கலாம். அல்லது படத்தைப் பென் டிரைவில் ஏற்றிப் போடலாம். ஒருவர் கையில் நிறுத்தும் பொத்தான் இருக்கட்டும். 'எத்தனையாவது நாள்? ஏக்கருக்கு எவ்வளவு? நம் நிலத்திற்கு இது பொருந்துமா?' என்று நடுவில் நிறுத்திக் கேட்க வேண்டும். செய்து பார்க்க முன்வருபவர் பெயரை ஒரு நோட்டில் குறியுங்கள். அறுவடையில் அவர்கள் கண்ட பலனை அதே நோட்டில் எழுதுங்கள். செல்போன் இல்லாத உழவரும், படிக்கத் தெரியாத மூத்தோரும், வீட்டு வேலையால் கூட்டத்திற்கு வர இயலாத பெண்களும் உள்ளனர். கடலை பிடுங்குவதும், ஆய்வதும், உடைப்பதும் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் வரக்கூடிய நேரம் பார்த்துத் திரையிடுங்கள்.

ஓர் ஊரில் ஆண்டுக்கு நான்கு படங்கள் எடுத்தால் போதும். விதை நேர்த்தி ஒன்று, ஜிப்சம் ஒன்று, பூச்சி நோய் ஒன்று, அறுவடையும் உலர்த்தலும் ஒன்று. ஐந்து ஆண்டில் அவ்வூருக்கென்று 20 படங்கள் சேரும். வேறு மண்ணில் வேறு எவரோ எடுத்த ஆயிரம் படங்களைவிட அந்த 20 படங்கள் உங்களுக்குப் பயன்படும்.

எனவே உழவர் பெருமக்கள், இந்தப் பட்டத்திலேயே தம் ஊரில் ஒரு பயிரையும் ஒரு வேலையையும் தேர்ந்தெடுத்து, மேற்கூறிய முறையில் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். எடுப்பதற்கு முன்னரே, இன்று உங்கள் செல்போனுக்கு வந்திருக்கும் படம் ஒன்றை எடுத்து அந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள்.